பழனிசாமி என்னும் பெயர்

கருமத்தம்பட்டியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் சின்னாட்களுக்கு முன் நமது வக்கீல் ஆபீசுக்கு வந்திருந்தார். தம் பூமியில் ஒரு பகுதியைப் பேரன்மீது தானசெட்டில்மெண்டு எழுதி வைக்க வேண்டுமென்பது அவரது விருப்பம். எழுதிக் கொடுப்பவர் பெயர் பழனிசாமி. அதில் சிக்கல் ஒன்றுமில்லை. எழுதி வாங்கும் மைனரின் பெயரைக் கேட்டபொழுதுதான் அவர் தடுமாறினார். இரண்டு முறை முயன்று பார்த்தார். பெயர் நாவில் நிற்கவில்லை. பிறகு மடியிலிருந்து பிறப்புச் சான்றிதழின் நகலை எடுத்து நம்மிடம் நீட்டினார். அதில் தமிழில் ஒரு விதமாகவும் ஆங்கிலத்தில் வேறொரு விதமாகவும் அப்பெயர் எழுதப்பட்டிருந்தது. ஆதார் அட்டையிலோ மூன்றாவது விதம். எந்தப் பெயரைப் பத்திரத்தில் ஏற்றுவதென நமது குமாஸ்தா விழித்துக் கொண்டிருக்கையில், முதியவர் மெல்லிய குரலில் சொன்னார்: "எங்கப்பாரு பேரத்தானுங்க எனக்கு வெச்சாங்க. எம் பேர இந்தப் பையனுக்கு வெச்சாப் பள்ளிக்கொடத்துல சிரிப்பாங்களாமுங்க. ஏனுங்க வக்கீலய்யா, இது சிரிக்கற பேருங்களா?"

அக்கேள்விக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. பத்திரம் எழுதி முடிந்து ரிஜிஸ்தரும் ஆகிவிட்டது. எனினும் அக்கேள்வி நம்மைவிட்டு அகலவில்லை. அது ஒரு குடும்பத்தின் அந்தரங்க விஷயமென்று ஒதுக்கத் தக்கதன்று. கொங்கு நாட்டின் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் இன்று எழுந்து நிற்கும் கேள்வி அது. ஆகவே, பொது விஷயங்களைப் பேசும் இப்பக்கத்தில் ஒரு தனிப் பெயரைப் பற்றி எழுதத் துணிந்தோம். நேயர்கள் பொறுத்தருள்வார்களாக.

முதலில் அப்பெயரின் பிறப்பை ஆராய்வோம். 'பழனிசாமி' என்னும் சொல் இரு பகுதிகள் கொண்டது. பின்பகுதி வடமொழி 'ஸ்வாமி' என்பதன் தமிழ் வடிவம். 'உடையவன்' என்பது அதன் பொருள். முன்பகுதி ஊர்ப்பெயர். அவ்வூர் சங்க நூல்களில் வேறு பெயர்களால் வழங்குகிறது. அகநானூற்றின் முதற்பாட்டில் மாமூலனார் ஆவி என்னும் தலைவனுக்குரிய பொதினியைக் குறிப்பிடுகிறார். அப்பொதினியே பின்னாளில் பழனியெனத் திரிந்ததென்பது அறிஞர் பலர் கொள்கை. மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் பேகன் அந்த ஆவியர் குடியிற் பிறந்தவன். திருமுருகாற்றுப்படையோ முருகனுறையும் இடங்களில் மூன்றாவதாக ஆவினன்குடியைச் சொல்லுகிறது. அஃது இன்றும் பழனி மலையடிவாரத்தில் திருவாவினன்குடி என்னும் கோயிலாக விளங்குகிறது.

'பழனி' என்னும் சொல்லுக்குப் பிறிதொரு விளக்கமும் உண்டு. 'பழனம்' என்பது வயலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். வயல் சூழ்ந்த ஊராதலின் பழனியாயிற்று என்பர். பாமர ஜனங்கள் சொல்லும் விளக்கமே யாவரும் அறிந்தது. மாங்கனிக்காக உலகைச் சுற்றி வந்த மகன் ஏமாற்றமுற்றுக் கோபித்துக் கொண்டு மலையேறினான்; 'பழம் நீயே' என்று அவனைத் தேற்றினர்; அச்சொல்லே ஊருக்குப் பெயராயிற்று என்பது அது. இம்மூன்றில் எது மெய்யென்று தீர்ப்புக் கூறுவது நமது வேலையன்று. மூன்றும் தமிழ் மண்ணில் முளைத்த விளக்கங்கள் என்பதே நாம் கருதுவது. ஒன்று பழைய வேளிர் தலைவனையும், ஒன்று நெல் விளையும் வயலையும், ஒன்று கோபித்துக்கொண்ட குழந்தையையும் நினைவூட்டுகிறது. ஒரு பெயருக்குள் இத்துணைச் செல்வம் அடங்கியிருப்பது அரிது.

இப்பெயர் கொங்கு நாட்டில் வேரூன்றிய காரணம் யாது? பழனி இப்பொழுது திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 1985-ல் அம்மாவட்டம் பிரிக்கப்படும் வரை மதுரை மாவட்டத்தில் இருந்தது. ஆயின் சர்க்கார் போட்ட எல்லைக் கோடுகளை ஜனங்களின் மனம் ஒப்புக்கொண்டதேயில்லை. பழைய கணக்கின்படி வையாபுரி நாடு கொங்கின் இருபத்து நான்கு நாடுகளில் ஒன்று. பழனி அந்நாட்டைச் சேர்ந்தது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் முகந்து, காவடி கட்டி, பழனிக்கு நடந்து செல்லும் வழக்கம் கொங்குக் குடியானவர்களிடையே இன்றும் குன்றாமல் நடக்கிறது. தைப்பூசத்தில் உடுமலை, மடத்துக்குளம் வழியே செல்லும் பாதயாத்திரைக் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு இதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பிள்ளை வரம் வேண்டிப் பழனிக்கு நேர்ந்துகொள்வதும், பிறந்த பிள்ளைக்கு அங்கே முடியிறக்கிக் காது குத்துவதும், அச்சாமியின் பெயரையே இடுவதும் தொன்றுதொட்ட வழக்கம். ஆதலின் ஒருவன் பெயர் பழனிசாமியென்றால், அவன் பிறப்பதற்கு முன் அவன் தாயும் தந்தையும் செய்துகொண்ட வேண்டுதலின் ரசீது அப்பெயர் என்று கொள்ளலாம்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. பழனி மலைமீது நிற்பவன் அரசகோலத்தில் இல்லை. கோவணம் உடுத்தித் தண்டம் ஊன்றிய ஆண்டியாய் நிற்கிறான். தோட்டமும் துரவும் கொண்ட தகப்பன், தன் சொத்துக்கு வாரிசாய் வந்த பிள்ளைக்கு, எல்லாம் துறந்து நின்ற ஆண்டியின் பெயரைச் சூட்டினான். 'உடையவன்' என்னும் பொருள் கொண்ட சொல்லை, ஒன்றும் உடைமையாகக் கொள்ளாதவனுக்குச் சேர்த்து வழங்கினான். செல்வம் நிலையன்று என்பதை நம் முன்னோர் பிரசங்கம் செய்யாமல் பெயரிலேயே எழுதி வைத்தனர்.

பழனிசாமி தனித்து நிற்கும் பெயருமன்று. பழனியப்பன், பழனிவேல், பழனியாண்டி, தண்டபாணி, வையாபுரி, வேலுசாமி, மயில்சாமி, பழனியம்மாள், பழனாத்தாள் என்று அதன் கிளைகள் பல. மருதமலையால் மருதாசலம், சென்னிமலையால் சென்னியப்பன், அவிநாசித் தலத்தால் அவிநாசிலிங்கம் என்று நம் பெயர்களைக் கோத்துப் பார்த்தால் கொங்கு நாட்டின் பூகோளப் படமே எழுதிவிடலாம். கருமத்தம்பட்டியிலிருந்து எத்திசை நோக்கி நடந்தாலும் யாதேனும் ஒரு மனிதர் பெயரில் கொண்டு போய்விடும் பாதைகளே உள்ளன.

இத்தேசத்தின் சரித்திரத்தையும் சற்றே எண்ணிப் பார்ப்போம். 1932-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் திருப்பூர் வீதியில் போலீசாரின் தடியடிபட்டு, கைக்கொடியை விடாமல் வீழ்ந்து உயிர்நீத்த வீரனைக் குமரன் என்று போற்றுகிறோம். சென்னிமலையில் பிறந்த அவனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் குமாரசாமி. சுதந்திர இந்தியாவின் முதல் நிதிமந்திரி கோவை ஆர். கே. சண்முகம் செட்டியார். உணவு மந்திரியாயிருந்து பசுமைப் புரட்சிக்கு வழிகோலிய பொள்ளாச்சிச் சீமைப் பெரியார் சி. சுப்பிரமணியம். குமாரசாமி, சண்முகம், சுப்பிரமணியம் ஆகிய மூன்றும் முருகன் பெயர்களே. 2017 முதல் 2021 வரை தமிழ்நாட்டின் முதலமைச்சர் பதவி வகித்தவர் பெயரோ பழனிசாமியேதான். அவரது அரசியலைப் பற்றி அவரவர்க்கு அவரவர் அபிப்பிராயம் இருக்கலாம், பெயர் மட்டும் கொங்கு நாட்டுப் பெயரென்பதில் கட்சி பேதமில்லை. 2008-ல் சந்திரனை நோக்கிச் சென்ற சந்திரயான் கலத்தின் திட்ட இயக்குநர், பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியிற் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. மயில்சாமி என்பது அவர் தந்தையின் பெயர். சிரிப்புக்குரியவையென்று இன்று நாணுகிற பெயர்களின் யோக்கியதை இதுவாகும்.

இவ்வாறிருக்க, இப்பெயர் தொட்டிலிலிருந்து நீங்கியது எப்படி? நாற்பது வயது கடந்தவர்களிடையே 'பழனிசாமி' என்று கூப்பிட்டால் நால்வர் திரும்பிப் பார்ப்பர். ஆரம்பப் பாடசாலையின் ஆஜர்ப் பட்டியலில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். தகப்பன் பெயராகிய முதலெழுத்தில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு தலைமுறை சென்றால் அங்கும் இராது.

இதற்கு ஆங்கில மோகமே காரணமென்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எளிது. அவ்வாறு முடிப்பது நியாயமாகாது. காரணங்கள் பல, சில மெச்சத் தக்கவையுங்கூட. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த தனித்தமிழ் இயக்கம் பெயரிடும் வழக்கத்தை முதன்முதல் அசைத்தது. வேதாசலம் மறைமலையடிகளானார். பின்னர் திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியனானார்; இராமையா அன்பழகனானார். அவர்களைப் பின்பற்றி வீடுகள்தோறும் இளங்கோவன்களும் தமிழ்ச்செல்விகளும் பிறந்தனர். அதற்கு முன்பே தேசிய இயக்கம் காந்தி, ஜவகர், சுபாஷ் முதலிய பெயர்களைக் குடிசைகளுக்கும் கொண்டு சேர்த்திருந்தது. ஒரு லட்சியத்தின் பொருட்டு மாறிய பெயர்கள் இவை. லட்சியத்தோடு மாறினவற்றை நாம் குறை கூறோம். அப்பெயர்களை இட்டவர்களுக்கு ஏன் இட்டோமென்பது தெரியும்.

இரண்டாவது காரணம் குடும்பம் சுருங்கியது. ஆறும் ஏழும் பிள்ளைகள் பிறந்த காலத்தில் மூத்தவனுக்கு அப்பாரு பெயரும், அடுத்தவனுக்கு அப்பிச்சி பெயரும், பெண்களுக்கு அப்பத்தாள், அம்மாயி பெயர்களும் இட்ட பின்னரும் தகப்பன் ஆசைக்கு ஓரிரு பெயர் மிஞ்சும். 'பெயரன்' என்பதே 'பேரன்' என மருவியது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதே அதன் பொருள். ஒன்றோ இரண்டோ பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளும் இந்நாளில் இருபுறத்துப் பாட்டன்மாருக்கும் இடம் போதவில்லை. ஒருவர் பெயரை இட்டால் மற்றவர் மனம் நோகும். இருவர் பெயரையும் விடுத்தால் இருவர் மனமும் சமமாக நோகும் என்ற விசித்திரமான நீதி நம் வீடுகளில் நிலைபெற்றுவிட்டது.

மூன்றாவதைப் பெண்கள் நன்கறிவர். மாமனார் பெயரை மருமகள் வாயால் உச்சரிக்கலாகாது என்பது பழைய கட்டுப்பாடு. மாமனார் பெயரையே தன் பிள்ளைக்கு இட்டுவிட்டு, அப்பிள்ளையைக் கூப்பிட வழியில்லாமல், 'கண்ணு' என்றும் 'சாமி' என்றும் 'பெரியவனே' என்றும் அழைத்தாள் தாய். பெற்ற தாயே கூப்பிட முடியாத பெயரை அவள் எப்படி நேசிப்பாள்? அக்கட்டு நெகிழ்ந்த தலைமுறையில், தான் வாய்நிறையக் கூப்பிடத்தக்க ஒரு பெயரை அவள் தேர்ந்தெடுத்தால் அதைக் குற்றமென்று சொல்ல நமக்கு வாயில்லை.

நான்காவது காரணத்தைச் சொல்ல வெட்கமாயிருப்பினும் சொல்லியே தீர வேண்டும். அது ஜாதி. ஒரே பழனிசாமி என்னும் பெயர் ஊரின் மேலத் தெருவில் பட்டத்தோடும் மரியாதையோடும் வழங்கியது. சேரியிலோ அது 'பழனா' என்று குறுகி, 'அடே' என்னும் விளியோடு வழங்கியது. பெயரிட்டது ஒரே சாமி, கூப்பிட்டது ஊர். அப்பெயரைத் தாங்கிய எத்தனையோ பேர், 1947-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் சென்னை மாகாணத்துக் கோயில்களை யாவருக்கும் திறந்துவிடும் காலம் வரை, தம் பெயருக்குரிய தெய்வத்தை எட்டியிருந்தே கும்பிட வேண்டியிருந்தது. 'அடே பழனா' என்று முதுமை வரை கூப்பிடப்பட்ட ஒருவன், தன் மகனை எவரும் அவ்வாறு குறுக்கிக் கூப்பிட முடியாத ஒரு பெயரைத் தேடிப் போனான். அந்தத் தேட்டத்தைப் பரிகசிக்கும் உரிமை நம்மில் எவருக்குமில்லை. பழம்பெயர்களுக்காகக் கண்ணீர் வடிக்குமுன், அப்பெயர்களை நாம் எவ்வாறு உச்சரித்தோம் என்பதை நினைத்து வெட்கப்பட வேண்டும். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு ஜாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கும்படி தீர்மானித்தது. நம்முடைய மற்றப் பேதங்கள் எப்படியிருப்பினும், அத்தீர்மானம் தமிழகத்துக்குச் செய்த நன்மையை மறுப்பதற்கில்லை. பட்டம் நீங்கிய பிறகு, பழனிசாமி என்னும் பெயரைக் கேட்டவுடன் இன்ன ஜாதியான் என்று எவரும் சொல்ல முடியாது. அப்பெயர் யாவருக்கும் பொதுவாய் நிற்கத் தொடங்கிய நாளிலேயே அதைக் கைவிடுகிறோமே என்பதுதான் நமது வருத்தம்.

இனி, மெச்சத்தகாத காரணங்களுக்கு வருவோம். முதலாவது எண் சாஸ்திரம். பெயரை ஆங்கில எழுத்துக்களாக்கி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்துக் கூட்டி, கூட்டுத்தொகை சுபமாகும்பொருட்டு ஓர் எழுத்தை இரட்டிப்பதும் ஒன்றைச் செருகுவதுமாகிய வித்தை இது. நம் பாஷையில் இல்லாத எழுத்துக்களைக் கொண்டு, நம் பாஷையில் பொருளற்ற ஒலிகளைச் சேர்த்து, அதனால் நம் குழந்தைக்கு யோகம் வருமென்று நம்புவது எந்தச் சாஸ்திரத்தின்பாற்பட்டது? எழுத்தை மாற்றினால் விதி மாறுமாயின், கோர்ட்டில் தோற்றவரெல்லாம் வாதியின் பெயரை மாற்றியெழுதி அப்பீல் செய்யலாமே! உண்மையில் மாறுவது ஒன்றே: பிறப்புச் சான்றில் ஒரு விதம், பள்ளிச் சான்றில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதமென்று ஏற்படும் குழப்பம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு 2023-ல் செய்த திருத்தம் அவ்வாண்டு அக்டோபர் முதல் அமலுக்கு வந்தபின், அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பல காரியங்களுக்கும் பிறப்புச் சான்றே ஆதாரமாகிவிட்டது. பெயரில் ஓரெழுத்தை வேடிக்கையாகச் செருகியவர்கள் அந்த வேடிக்கையின் கிரயத்தைப் பின்னர் கெஜட் விளம்பரத்திலும் அபிடவிட்டிலும் செலுத்துகிறார்கள். இத்தகைய கட்சிக்காரர்களால் நமக்கு வருமானமுண்டு; ஆயினும் அவ்வருமானம் வேண்டாமென்றே சொல்லுகிறோம்.

இரண்டாவது, நகரத்தாரின் நகைப்புக்கு அஞ்சுதல். சினிமாவில் வேட்டி கட்டிய பட்டிக்காட்டானுக்கு இடும் பெயரை எப்படி என் மகனுக்கு இடுவது என்று படித்த தந்தை கேட்கிறான். அந்தப் பட்டிக்காட்டான் விளைத்த நெல்லையும் கரும்பையும் உண்ணும்போது அந்த நாணம் எங்கே போயிற்று? சோமனூர், கருமத்தம்பட்டிப் பிராந்தியத்து விசைத்தறிகளில் நெய்த துணியை உடுத்தும்போது, தறியருகே நின்றவனின் பெயர் பழனிசாமியா அன்றா என்று எவரும் விசாரிப்பதில்லை. பிறர் சிரிப்பார்களென்று பாட்டன் பெயரை மறைக்கும் மனம், நாளை பிறர் சிரிப்பார்களென்று பாட்டன் பாஷையையும் மறைக்கும். அந்நியன் ஆண்ட காலத்தில் அவன் உச்சரிக்க வசதியாக நம் ஊர்ப்பெயர்களைச் சிதைத்தான். அதை அடிமைத்தனமென்று கண்டித்தோம். ஒருவரும் கட்டாயப்படுத்தாத இந்நாளில் நாமே நம் பிள்ளைகளின் பெயர்களை அவ்வண்ணம் ஆக்கிக்கொள்வதற்கு என்ன பெயர் இடுவது?

கருமத்தம்பட்டி இவ்விஷயத்தில் நமக்கொரு பாடமும் வைத்திருக்கிறது. அவ்வூரின் ஜெபமாலை அன்னை ஆலயம் கொங்கு நாட்டின் மிகப் பழைய கத்தோலிக்க ஆலயங்களில் ஒன்று. கடல் கடந்து வந்த அம்மதத்தைத் தழுவிய தமிழர்கள் பெயர் விஷயத்தில் என்ன செய்தார்கள்? அந்நிய நாமங்களை அப்படியே விழுங்கிவிடவில்லை. யோவான் என்னும் எபிரேயப் பெயர் கடவுளின் அருளைக் குறிப்பதாதலின் அவரை அருளப்பர் என்றனர். பவுல் என்பதற்கு லத்தீனில் 'சிறியவர்' என்று பொருளாதலின் சின்னப்பர் என்றனர். வீரமாமுனிவர் தமது தேம்பாவணியில் சூசையப்பரை வளன் என்று அழைத்தார். வளர்ச்சி என்னும் மூலப்பொருள் அதில் நிற்கிறது. சவேரியார் பெயர் சவரிமுத்துவாகித் தமிழ் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டது. இத்தாலியிலிருந்து வந்த பாதிரியாருக்கே பெயரின் பொருள் முக்கியமாய்த் தோன்றிற்று. அருளப்பனும் சின்னப்பனும் பழனிசாமியும் ஒரே ஊர்ச் சந்தையில் பேரம் பேசும்போது, மதம் வேறாயினும் மூவரும் தமிழர் என்பதைப் பெயர்களே பறைசாற்றின. இன்றோ அருளப்பன் பேரனுக்கும் பழனிசாமி பேரனுக்கும் இட்டிருக்கும் பெயர்கள் இருவர் பாட்டனுக்கும் விளங்குவதில்லை. இதுவும் ஒருவித ஒற்றுமைதான் போலும்!

அவ்வாறாயின் சட்டம் செய்ய வேண்டுமா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நாம் அதற்குச் சிறிதும் உடன்படோம். பிரான்ஸ் தேசத்தில் 1803-ல் செய்த ஒரு சட்டம், பஞ்சாங்கத்திலும் பண்டைச் சரித்திரத்திலும் உள்ள பெயர்களையே குழந்தைகளுக்கு இடலாமென்று விதித்தது. 1993-ல்தான் அந்தக் கட்டு முற்றிலும் தளர்ந்தது. பல்கேரியாவில் 1984, 1985-ஆம் ஆண்டுகளில் அந்நாட்டுத் துருக்கியர்களின் பெயர்களை அரசாங்கமே பலவந்தமாய் மாற்றிற்று, ஜனங்கள் கொதித்தெழுந்தனர், லட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டு வெளியேறினர். பெயர் என்பது சர்க்கார் கைவைக்கத் தகாத இடம். தாய் தந்தையரின் சுதந்திரத்தில் அது முதன்மையானது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறெவரும் அப்பெயரில் விற்கக் கூடாதென்று சட்டம் காவல் நிற்கிறது. பழனிசாமி என்னும் பெயருக்கு அத்தகைய காவல் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். அதற்குரிய காவல் நம் நினைவு ஒன்றே.

'ஊரில் பத்துப் பழனிசாமி இருந்தால் எவனை எவனென்று அறிவது?' என்பது மற்றோர் ஆட்சேபம். நம் முன்னோர் அதற்கும் வழி கண்டிருந்தனர். மேட்டுத் தோட்டத்துப் பழனிசாமி, பள்ளத் தோட்டத்துப் பழனிசாமி என்று இருக்கும் இடத்தால் பிரித்தறிந்தனர். ஆயினும் அஞ்சல், பாங்கு, கணிப்பொறி ஆகியவை ஆளும் இக்காலத்தில் இந்த ஆட்சேபத்தில் நியாயமுண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆகவே, பிறக்கும் பிள்ளைகள் யாவருக்கும் பழனிசாமி என்றே பெயரிடுக என்று நாம் சொல்ல வரவில்லை. கவின், மகிழன், யாழினி, இனியா என்று இளந்தலைமுறையில் சிலர் இடும் இனிய தமிழ்ப் பெயர்களைக் கேட்கும்போது நமக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது. பொருளறிந்து இடும் புதுப்பெயர், பொருளறியாமல் இடும் பழம்பெயரினும் மேலானது.

நாம் வேண்டுவன சிலவே. முதலாவது, குழந்தைக்கு இடும் பெயரை அதன் பாட்டனும் பாட்டியும் தடையின்றிச் சொல்லக் கூடியதாயிருக்க வேண்டும். பொருள் என்னவென்று கேட்டால் தகப்பன் பதில் சொல்லக் கூடியதாயிருக்க வேண்டும். இரண்டாவது, புதுப்பெயர் இடுவோர் அதனோடு பாட்டன் பெயரையும் சேர்த்து இடலாம். மதுரைப் பி. டி. ராஜன் அவர்களின் குடும்பத்தில் பாட்டன் பொன்னம்பலத் தியாகராஜன், மகன் பழனிவேல் ராஜன், பேரன் பழனிவேல் தியாகராஜன் என்று பெயர் வழிவழி தொடர்ந்துவரக் காண்கிறோம். மூன்றாவது, பாட்டிமார்களை மறக்கலாகாது. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு உண்டென்று 1989-லேயே தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. பழனியம்மாள் பெயருக்கும் அந்தப் பங்கைக் கொடுப்போம். நான்காவது, எப்பெயரை இட்டாலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே முறையில் எழுதி, எல்லா ரிஜிஸ்தர்களிலும் அவ்வாறே இருக்கச் செய்க. ஐந்தாவது, இதுவே பெரிது: எந்த மனிதனையும் அவன் பெயரைக் குறுக்கியோ சிதைத்தோ கூப்பிடாதிருப்போம். முழுப் பெயரை மரியாதையோடு உச்சரிக்கும் ஊரில்தான் அப்பெயர் நிலைக்கும்.

இவற்றையெல்லாம் எழுதும் நாம் குற்றமற்றவரா? இல்லை. நமது பாட்டனார் பெயரும் பழனிசாமியே. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நமக்கு மகன் பிறந்தபோது, நண்பர் ஒருவர் சொற்கேட்டு, எண் கணக்குப் பார்த்து, அகராதியில் காணக் கிடைக்காத ஒரு பெயரை இட்டோம். நமது பாட்டனார் அப்பொழுது உயிரோடிருந்தார். தொட்டிலருகே உட்கார்ந்து அப்பெயரை ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அதன் பிறகு தம் கடைசிக் காலம் வரை 'சாமி' என்றே குழந்தையை அழைத்து வந்தார். அவர் செல்லமாகக் கூப்பிடுகிறார் என்று நாம் எண்ணியிருந்தோம். கருமத்தம்பட்டிப் பெரியவர் நம்மெதிரே உட்கார்ந்து பேரன் பெயரைச் சொல்ல முடியாமல் தடுமாறியபோதுதான் அந்தச் 'சாமி' யாருடைய பெயரின் மிச்சம் என்பது நமக்கு விளங்கிற்று.

சென்ற வாரம் மகனை அழைத்து அவன் கொள்ளுப்பாட்டன் பெயரையும் அதன் பொருளையும் எடுத்துரைத்தோம். சற்று நேரம் யோசித்துவிட்டு, "என் பெயருக்கு என்ன பொருள், அப்பா?" என்று கேட்டான். வக்கீலாகிய நாம் வாயடைத்து நின்ற தருணங்கள் மிகச் சில. அது அவற்றில் ஒன்று.

பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டுமென்று தவங்கிடந்த மக்கள் நாம். பிள்ளை பேர் சொல்ல வேண்டுமானால், பிள்ளையின் வாயில் ஒரு பேர் இருந்தாக வேண்டும். அதைக் கொடுப்பது நம் கடமை. கருமத்தம்பட்டிப் பெரியவருக்கு நாம் அன்று சொல்லாத விடையை இங்கே சொல்லிவிடுகிறோம்: ஐயா, உங்கள் பெயர் சிரிக்கத் தக்க பெயரன்று. சிரித்தவர்கள் அதைப் படித்தறியாதவர்கள். உங்கள் பேரன் வளர்ந்து அந்தப் பத்திரத்தைப் பிரிக்கும் நாளில், எழுதிக் கொடுத்தவர் பெயரையும் பொருளறிந்து வாசிப்பானாக. அதற்கு அவனைத் தகுதியாக்குவது அவன் பெற்றோர் கையிலும், இதை வாசிக்கும் ஒவ்வொரு தகப்பன் கையிலும் இருக்கிறது.